விவாகரத்து மனு: பென்சிலில் ‘இன்டு’ போட்ட இடத்தில் கையெழுத்துப் போடும் முன்...

வக்கீல் ஆபீஸில் அந்தப் பேப்பர் கட்டு மேஜைக்கு வரும்போதே, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் குமாஸ்தா பென்சிலால் சின்னதாக ‘இன்டு’ போட்டு வைத்திருப்பார். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் கடைசிப் பக்கத்துல... அவ்ளோதாம்மா.” பேனாவும் கைக்கு வந்துவிடும். பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ உட்கார்ந்திருப்பார்கள். அழுது வீங்கிய கண்களுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெண் எழுந்து வந்துவிடுவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “அதெல்லாம் வக்கீலுக்குத் தெரியும்” என்பாள்.

ஆண்களும் இதில் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. “ஆபீஸ்ல லீவு இல்லை சார், எங்க கையெழுத்துன்னு மட்டும் சொல்லுங்க” என்று பைக்கை ஆஃப் செய்யாமலே கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘மேலே கண்ட பத்திகளில் உள்ளவை அனைத்தும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை’ என்ற உறுதிமொழி. அதில் வரும் ‘என்’ வக்கீல் இல்லை, கையெழுத்துப் போட்டவர்தான். நாளைக்குக் கூண்டில் ஏறி, “இந்த ஏழாவது பத்தியில் சொல்லியிருப்பது எந்தத் தேதியில் நடந்தது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

குடும்ப நல நீதிமன்றத்தில் இது இன்னும் கூடுதல் உண்மை. 1984-ம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டப்படி, அங்கே வக்கீல் வைத்து வாதாடுவது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் முக்கியமான கட்டங்களில் நீதிபதி வக்கீலைத் தாண்டி, கணவன் மனைவியிடம் நேராகவே கேட்பார். அந்த நேரத்தில் திரும்பி வக்கீல் முகத்தைப் பார்த்தால் எதுவும் நடக்காது.

பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் தீர்ந்ததா?

வக்கீலிடம் போவதற்கு முன்பே சில வீடுகளில் ‘விவாகரத்து’ முடிந்துவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, நகையைத் திருப்பிக் கொடுத்து, தீர்த்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். நோட்டரி முத்திரையும் இருந்துவிட்டால் அது கோர்ட் ஆர்டருக்குச் சமம் என்ற நம்பிக்கை வேறு.

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி நடந்த கல்யாணத்தை முறிக்க நீதிமன்றத்தின் தீர்ப்பாணை வேண்டும். ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கும் மணமுறிவு முறையைச் சட்டம் விலக்கி வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், அப்படி ஒரு வழக்கம் தொடர்ந்து இருந்துவருகிறது என்று சாட்சி, ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியது அதை நம்பி நிற்பவர் பொறுப்பு. அது லேசான காரியம் இல்லை. 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் சட்ட அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே கதைதான். மாலை மாற்றிக்கொண்டது ஐந்து நிமிடத்தில் என்றாலும், பிரிவதற்குக் கோர்ட் வாசல் ஏறத்தான் வேண்டும்.

பத்திரத்தை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது திருமணம் சட்டப்படி செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதெல்லாம் நடக்காமல் இருபது வருடம் ஓடிவிடவும் கூடும். பிறகு ஒருநாள் அவர் இறந்துபோவார். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்குப் போகும்போதுதான், பழைய மனைவியும் இந்த மனைவியும் ஒரே பெஞ்சில் எதிரெதிரே உட்கார நேரும். இருபது வருடம் குடும்பம் நடத்தியவள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை என்று அன்றுதான் தெரியும். அவளுடைய குழந்தைகளைச் சட்டம் கைவிடவில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் முறையான குழந்தைகளே. ஆனால் அவளுக்கு?

இதே ரகத்தில் இன்னொரு நம்பிக்கை, ‘ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா விவாகரத்து’. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் திருமணம் தானாக முறியாது. ஏழு வருடம் என்பது, துணை உயிரோடு இருக்கும் தகவலே இல்லாதபோது விவாகரத்து கேட்பதற்கான ஒரு காரணம். அதற்கும் மனு போட வேண்டும். ‘இந்தத் திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது’ என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தரும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு மாவட்டக் குடும்ப நல நீதிமன்றத்தில் அதே காரணத்தைச் சொன்னால் எடுபடாது. அங்கே கொடுமைப்படுத்துதல், தொடர்ந்து 2 ஆண்டு கைவிட்டுப் போதல், திருமணத்துக்கு வெளியே உறவு என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கும் காரணங்களில் ஒன்றையாவது காட்டியாக வேண்டும். அல்லது இருவரும் சேர்ந்து சம்மதித்து வர வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை வைத்துத்தான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்த வேறு வேறு மதத்தினருக்கு 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கு 1939-ம் ஆண்டின் சட்டமும் குலா, முபாரத் போன்ற முறைகளும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்தது என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

முதல் சந்திப்பில் யார் பேசுவது?

வக்கீல் அறைக்குள் நாலு பேர் நுழைவார்கள். வக்கீல் பெண்ணைப் பார்த்துக் கேட்பார், பதில் சித்தப்பாவிடமிருந்து வரும். “அவன் குடிகாரன் சார்.” “வாங்குன சம்பளத்தைக் கண்ணுல காட்டினதே இல்லை சார்.” பெண் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள். அனுபவமுள்ள வக்கீல் என்றால் கொஞ்ச நேரத்தில், “நீங்க எல்லாரும் வெளிய ஒரு காபி சாப்பிட்டு வாங்க” என்பார். வக்கீல் சொல்லாவிட்டால் சம்பந்தப்பட்டவரே சொல்லலாம், “சார், உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்.” கூட வந்தவர்களுக்கு வருத்தம் வரும். வந்தால் வரட்டும். அவர்கள் முன்னால் சொல்ல முடியாத ஏதோ ஒன்றில்தான் பல வழக்குகளின் முடிச்சு இருக்கிறது.

அப்படி என்ன மறைக்கிறார்கள்? பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் முன்பு ஒரு புகார் கொடுத்து, சமாதானமாகி, எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். வேலைக்குப் போவதைச் சொன்னால் ஜீவனாம்சம் கிடைக்காதோ என்று வேலையையே சொல்லாமல் விட்டிருப்பார்கள். மனநல சிகிச்சை எடுத்திருப்பார்கள். யாரோ ஒருவரோடு நட்பாகப் பேசிய மெசேஜ்கள் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

ஓர் உதாரணம். ‘மனைவி மூன்று வருடமாக என்னைக் கைவிட்டுப் பிறந்த வீட்டில் இருக்கிறார்’ என்று ஒருவர் மனு போடுகிறார். போன தீபாவளிக்குச் சமாதானமாகி பத்து நாள் ஒன்றாக இருந்ததை வக்கீலிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கம், அல்லது அது முக்கியம் என்றே தோன்றவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீபாவளி போட்டோவை எடுத்து நீட்டுகிறார். கைவிட்டுப் போனது தொடர்ச்சியாக 2 ஆண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பத்து நாள் வழக்கின் அடிக்கல்லையே ஆட்டிவிடும். அதைவிட மோசம், இனி அவர் சொல்லும் எதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் கேட்பார். முன்கூட்டியே வக்கீலுக்குத் தெரிந்திருந்தால் மனுவை வேறு காரணத்தில் எழுதியிருப்பார். அல்லது, ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்றாவது சொல்லியிருப்பார்.

வக்கீலிடம் சொன்னது ஊருக்குள் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. கட்சிக்காரர் தொழில் முறையில் தன்னிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல வக்கீலுக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, அதன் இடத்துக்கு வந்த 2023-ம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. இன்னொரு பயம், பேப்பரில் வந்துவிடுமோ என்பது. இந்து திருமணச் சட்ட வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும், விசாரணை விவரங்களை அச்சிட்டு வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. திருமணப் பதிவுச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் அழைப்பிதழும் கல்யாண போட்டோவும். இருவரின் முகவரி ஆதாரம். குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழ். இவற்றை எல்லாம் விட உபயோகமானது, ஒரு முழு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக எழுதிய குறிப்பு: கல்யாணம் எப்போது, எந்த வீட்டில் எவ்வளவு நாள் இருந்தார்கள், சண்டை எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போனது எப்போது, கடைசியாக ஒரே வீட்டில் இருந்தது எங்கே, எப்போது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால், அசாதாரணமான துன்பம் என்று காட்டித் தனி அனுமதி வாங்காமல் விவாகரத்து மனுவே போட முடியாது. எங்கே மனு போடுவது என்பதும் இந்தக் குறிப்பில்தான் தெரியும். கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் போடலாம். மனைவி மனு போடுவதாக இருந்தால், அவர் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். இது 2003-ல் வந்த திருத்தம். கைக்குழந்தையோடு சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் அலைந்த எத்தனையோ பெண்களுக்குப் பிறகு வந்தது.

“மூணே மாசத்துல முடிச்சுக் கொடுத்துடறேன்”, “ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்” என்று முதல் நாளே சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. “சேர்ந்து வாழ வழியே இல்லையாம்மா?” என்று கேட்பவர், வழக்கின் பலவீனத்தை முகத்துக்கு நேராகச் சொல்பவர், அன்றைக்குக் கசப்பாகத்தான் தெரிவார்.

மனுவில் ஏறிய வார்த்தை இறங்காது

மனு தயாராகும்போது காரம் சேர்ப்பது ஒரு பழக்கம். ‘கொஞ்சம் ஸ்ட்ராங்காப் போட்டாத்தான் எதிர்ப்பார்ட்டி வழிக்கு வருவாங்க.’ நடந்த இரண்டு சம்பவம் ஆறாகும். சந்தேகம் குற்றச்சாட்டாகும். மாமனார் மீதும் நாத்தனார் மீதும் ஏதாவது ஒரு வரி ஏறும்.

இது எப்படித் திரும்பி வந்து அடிக்கும் என்பதற்கு 2003-ம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே போதும். விவாகரத்து கேட்டது மனைவி. கணவர் தன் பதில் மனுவில் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி அபாண்டமாக எழுதியிருந்தார். அப்படி எழுதியதே மனரீதியான கொடுமை என்று சொல்லி மனைவிக்கு விவாகரத்து உறுதியானது. எழுதியதை வாபஸ் வாங்க முயன்றும் அவருக்குப் பலன் இல்லை. பொய்யான கிரிமினல் புகார் கொடுப்பதும் கொடுமையே என்று 2014-ல் இன்னொரு வழக்கில், இந்த முறை கணவருக்குச் சாதகமாக, அதே நீதிமன்றம் சொன்னது.

அடி உதை நிஜம் என்றால் அது வேறு விஷயம். அங்கே தயங்கவே கூடாது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமைக்கான உத்தரவும் கேட்கலாம். விவாகரத்து மனு போட்டிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 181 என்ற மகளிர் உதவி எண் நள்ளிரவிலும் எடுக்கப்படும்.

கையில் இருக்கும் போனையும் மறந்துவிடக் கூடாது. கணவன் மனைவி பேசிக்கொண்டதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபத்தில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், ஜாடையாகப் போடும் ஸ்டேட்டஸ் எல்லாம் பிரின்ட் எடுத்து வருவார்கள். பயந்துபோய் பழைய சாட்டை அழிப்பதும் வேண்டாம். அதில் தனக்குச் சாதகமானதும் இருக்கலாம். வக்கீல் பார்க்கட்டும்.

ஆகவே மனுவின் வரைவைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பதில் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் இருந்தால், “ஒரு தடவை தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க சார்” என்று கேட்கலாம். சில வருடம் கழித்து மகளோ மகனோ இந்தக் காகிதத்தைப் படிக்கக்கூடும் என்று நினைத்துப் படித்தால், எந்த வரி இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

‘சம்மன் வந்தா வாங்காதே!’

எதிர்த்தரப்பு மனு போட்டுவிட்டது, சம்மன் வருகிறது. வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “வாங்காதே. வாங்கலைன்னா கேஸே நடக்காது.” இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. வாங்க மறுத்தால், முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். பிறகு வாய்தாவுக்கு ஆள் வராததால் ‘எக்ஸ்பார்ட்டி’, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. இங்கே ஒருவர் மனைவியாகவே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே சட்டப்படி எல்லாம் முடிந்திருக்கும்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். சம்மன் உண்மையிலேயே கைக்கு வரவில்லை என்றால், தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. வேண்டுமென்றே வாங்காமல் விட்டவருக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று வக்கீலின் போனுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்ற அரசுச் செயலி இலவசம். வழக்குக்கென்று உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன முறை என்ன நடந்தது என்பது தெரியும். மனுவுக்கு நம்பர் ஆனதும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இருவரும் சம்மதித்தால்...

பரஸ்பர சம்மத விவாகரத்து. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ‘பிரிந்து’ என்றால் வேறு வேறு வீட்டில் என்று அர்த்தம் இல்லை. கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான். வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தலாம்.

இருவரும் சேர்ந்து மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருப்பு. 18 மாதத்துக்குள் மறுபடி வந்து, ‘இன்னும் எங்கள் முடிவு அதுதான்’ என்று சொல்ல வேண்டும். இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவுடன் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. மனு போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும், இனி காத்திருப்பது வேதனையை நீட்டிப்பது மட்டும்தான் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும்.

இந்த இடைவெளியில் ஒருவர் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பு வரும்வரை அந்த உரிமை உண்டு. இதனால்தான், பேசிய பணத்தில் ஒரு பகுதியை முதல் கட்டத்திலும் மீதியை இரண்டாம் கட்டத்தில் நீதிபதி முன்னாலும் டி.டி.யாகக் கொடுப்பதுபோல் வக்கீல்கள் எழுதுகிறார்கள். நகையைத் திருப்பித் தருவது, போட்டிருக்கும் மற்ற வழக்குகளை வாபஸ் பெறுவது எல்லாம் எந்தத் தேதியில், யார் செய்வது என்று மனுவிலேயே வந்துவிட வேண்டும். ‘அதெல்லாம் வாய்வார்த்தையாப் பேசிக்கலாம்’ என்ற நல்லெண்ணம் தீர்ப்புக்கு மறுநாள் காணாமல் போய்விடுவது உண்டு.

மீடியேஷன் என்றால் கட்டாயப்படுத்திச் சேர்த்து வைப்பார்கள் என்ற பயமும் தேவை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-லேயே தொடங்கியது. கௌரவமாகப் பிரிவதற்கான பேச்சும் அங்கேதான் நடக்கிறது. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது.

பணம், நகை, பிள்ளை

‘சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. இருவரின் வருமானம், சொத்து, வாழ்ந்த தரம், பொறுப்புகள் எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். வருமானம் இல்லாத கணவர்கூட இந்தச் சட்டத்தில் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம்.

2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும். வக்கீலிடம் வேலையை மறைத்தவரின் கதி என்ன ஆகும் என்று இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பி.எஃப். விவரமும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வேலை பார்க்கும் மனைவிக்கு ஜீவனாம்சமே இல்லை என்பதும் தவறு. அந்தச் சம்பளம் போதுமா என்பதுதான் கேள்வி.

விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டுத் தனி மனு போடலாம். அதை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நிஜத்தில் இழுத்துக்கொண்டு போகிறது என்பது கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மனுவை முதல் நாளே போடச் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகையும் அவளுக்கென்று வந்த பரிசுகளும் அவளுடைய சொந்தச் சொத்து. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவளுடையதுதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கல், எத்தனை பவுன் என்று நிரூபிப்பதில். கல்யாணத்தின்போது வந்த பரிசுகளைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும் என்று 1985-ல் விதியே வந்தது. அதை யார் செய்தார்கள்? மொய் நோட்டுதான் பத்திரமாக இருக்கும். பரவாயில்லை, நகைக்கடை ரசீது, சீர்வரிசைத் தட்டு போட்டோ, கல்யாண வீடியோ, அடகு வைத்த சீட்டு என்று தேடினால் ஏதாவது கிடைக்கும்.

குழந்தை விஷயத்தில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும்தான். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம். அதற்குப் பிறகு எதுவும் தானாக முடிவாவது இல்லை. யாரிடம் இருக்கும் என்பதற்கே எல்லாச் சண்டையும் செலவாகி, மற்றவை விட்டுப்போகின்றன. கோடை விடுமுறை யாரோடு? ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, காலேஜ் வந்தால்? பாஸ்போர்ட்டுக்கு இருவர் சம்மதமும் கேட்பார்கள், அந்தக் கையெழுத்துக்கு அப்போது எங்கே போய் நிற்பது? தாத்தா பாட்டி பார்க்கலாமா? ‘பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று அவசரத்தில் எழுதிக் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை பிள்ளையுடையது. அம்மா கையெழுத்துப் போட்டதால் அது போய்விடாது.

ஃபீஸ் பேசுவதில் என்ன கூச்சம்?

டாக்டர் ஃபீஸைக் கேட்பவர்கள் வக்கீல் ஃபீஸைக் கேட்கத் தயங்குகிறார்கள். முழு வழக்குக்கும் சேர்த்தா, வாய்தாவுக்கு இவ்வளவா? இடைக்கால மனுக்களுக்குத் தனியா? டைப்பிங், நகல் செலவு யாருடையது? அப்பீல் போனால்? முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் நடுவில் மனஸ்தாபம் வராது. ‘வர்ற ஜீவனாம்சத்துல எனக்கு இத்தனை பர்சன்ட்’ என்று எந்த வக்கீலும் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது.

பிடிக்காவிட்டால் வக்கீலை மாற்றலாம். ‘பாக்கி ஃபீஸைக் கொடுத்தாத்தான் கேஸ் கட்டு’ என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க வேறு வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலை மாற்றுகிறவருக்கு வழக்கு நகராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணமே இல்லை என்றால்? பெண்கள், குழந்தைகள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் பெற 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்டந்தோறும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

தீர்ப்பு வந்த அன்று

‘டைவர்ஸ் அலவ்ட்’ என்று காதில் விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அப்பீலுக்கான காலம் முடியும்வரை, அப்பீல் போட்டிருந்தால் அது தள்ளுபடியாகும்வரை, மறுமணம் செய்யக் கூடாது. எந்த நாளோடு அந்தக் காலம் முடிகிறது என்று வக்கீலிடம் தேதியாகவே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு ஆகியவற்றில் இருக்கும் நாமினி பெயர் தீர்ப்பால் தானாக மாறிவிடாது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ரேஷன் கார்டும் அப்படித்தான்.

தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கூடுதலாக வேண்டுமென்றால் நகல் மனு போட்டு வாங்கலாம். கைக்கு வந்ததும் அதை அப்படியே மடித்துப் பையில் வைத்துவிடாமல், கோர்ட் வளாகத்திலேயே ஒரு மரத்தடியில் நின்று படிக்கலாம். பெயரின் ஸ்பெல்லிங் ஆதாரில் உள்ளதுபோல் இருக்கிறதா, கல்யாணத் தேதி சரியா, பேசிய தொகை, குழந்தையைப் பார்க்கும் நாட்கள் எல்லாம் மனுவில் இருந்தபடியே வந்திருக்கிறதா? தட்டச்சுப் பிழை என்றால் அதே நீதிமன்றத்தில் திருத்தம் கேட்டு மனு போட வேண்டியிருக்கும். வக்கீலும் குமாஸ்தாவும் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், அதற்காக இன்னொரு நாள் லீவு போட்டு பஸ் ஏறி வர வேண்டியதில்லை.